இரவு பத்தரை மணிக்கு வருகிற சோதனை

வாசகி ஒருவரின் கேள்வி:

"எனக்கு வயது 36. கடலூர் முதுநகரில் இரண்டு பிள்ளைகளோடும் மாமியாரோடும் வசிக்கிறேன். தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவர் ஆறு ஆண்டுகளாகக் குவைத்தில் வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பேசுவார். எங்கள் லுத்தரன் சபையின் பாடகர் குழுவில் உள்ள ஒருவரோடு எட்டு மாதங்களாக இரவு பத்தரை மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் பேசிவருகிறேன். அவரும் குடும்பஸ்தர். முதலில் பாட்டைப் பற்றித்தான் பேசினோம். இப்போது வீட்டில் நடப்பது முழுவதையும் அவரிடம்தான் சொல்கிறேன். பயிற்சி முடிந்ததும் அவருடைய வண்டியில்தான் வீடு திரும்புகிறேன். தவறாக எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் படுப்பதற்கு முன் அன்றைய செய்திகளை அழித்துவிடுகிறேன். அவரை நினைக்கக் கூடாது என்று உபவாசித்து ஜெபிக்கிறேன். நினைவு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. மூன்று மாதமாகத் திருவிருந்தில் பங்குபெறவில்லை. இச்சையோடு பார்த்தாலே விபசாரம் என்று வேதம் சொல்கிறதே, நான் ஏற்கெனவே விழுந்துவிட்டேனா? இருதயத்தைக் காத்துக்கொள் என்கிறார்கள். அதை எப்படித்தான் காப்பது?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "தவறாக எதுவும் நடக்கவில்லை" என்று எழுதிய கையோடு, படுப்பதற்கு முன் செய்திகளை அழித்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனம் இன்னும் ஒப்புக்கொள்ளாத ஒன்றை உங்கள் விரல் எட்டு மாதங்களாக அறிந்திருக்கிறது. குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மனசாட்சி மரத்துப்போனவர்கள் திருவிருந்துக்குத் தயங்க மாட்டார்கள். முகம் தெரியாத ஒருத்திக்கு இப்படி மனந்திறந்து எழுதவும் மாட்டார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடும்ப ஆற்றுப்படுத்துதல் பணியில் இருக்கிற எனக்கு, எல்லாம் முடிந்த பிறகு வருகிற கடிதங்களே அதிகம். உங்கள் கடிதம் அதற்கு முன்பே வந்துவிட்டது என்பதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

விழுந்துவிட்டேனா என்று கேட்கிறீர்கள். சோதிக்கப்படுவது பாவம் ஆகாது. "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற" பிரதான ஆசாரியர் என்றுதான் எபிரெயருக்கு எழுதின நிருபம் இயேசுவைச் சொல்கிறது. வனாந்தரத்தில் அவருக்கு வந்த முதல் சோதனை எது என்று பாருங்கள்: நாற்பது நாள் உபவாசித்துப் பசித்திருந்தவரிடம், கல்லை அப்பமாக்கச் சொன்னான் பிசாசு. பசி இயல்பானது, அப்பமும் நல்லது. அதைப் பெறச் சொன்ன வழிதான் பொல்லாதது. உங்களுடைய தனிமையையும் நான் அப்படிப்பட்ட ஒரு பசியாகவே பார்க்கிறேன். ஆறு ஆண்டுகளாக "இன்று எப்படி இருந்தது?" என்று கேட்க ஆளில்லாத ஒரு பெண், கேட்கிறவர் ஒருவர் வந்தபோது நெகிழ்ந்துபோனது பாவமென்று எந்தப் பிரசங்கியார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் இதோடு நிறுத்தினால் உங்களுக்கு நான் பொய்யான ஆறுதல் சொன்னவளாவேன். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன வசனம், கிரேக்க மூலத்தில், இச்சிக்கும் பொருட்டுப் பார்க்கிற பார்வையைக் குறிக்கிறது; கண்ணில் தற்செயலாகப் படுவதைக் குறிப்பதில்லை. அந்த வேறுபாட்டை உங்கள் எட்டு மாதங்களின்மேல் வைத்துப் பாருங்கள். முதல் இரவு அந்தச் செய்தி உங்களைத் தேடி வந்தது. இப்போதோ, பிள்ளைகள் தூங்கியபின் பத்தேகாலுக்கே கைபேசியை எடுத்துவைத்துக்கொண்டு, அவர் 'டைப்பிங்' என்று திரையில் தெரிகிறதா என்று நீங்கள் காத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு வருகிற இப்படிப்பட்ட கடிதங்களில் பெரும்பாலானவற்றில் அந்தக் காத்திருப்பு இருக்கிறது. யாக்கோபு இதைத்தான் "சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு" என்று எழுதினார். சிக்குண்டு என்கிற இடத்தில் அவர் எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு இரை காட்டிப் பிடிப்பது என்று பொருள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழ்கிற உங்களுக்குத் தூண்டிலைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே என் பதில் இதுதான்: நீங்கள் சோதிக்கப்பட்டது பாவம் இல்லை, சோதனைக்கு ஒரு நேரம் ஒதுக்கி, அதற்காகக் கதவைத் திறந்துவைத்தது பாவம். அதற்கு மன்னிப்பு உண்டு, அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

உபவாசமும் ஜெபமும் பலிக்கவில்லை என்கிற உங்கள் வேதனைக்கு முதலில் வருகிறேன். 1987ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடைய சகாக்களும் மாணவர்களை அழைத்து, ஐந்து நிமிடம் ஒரு வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்க வேண்டாம், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார்கள். நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேலாகவே மணி அடித்தது. பிறகு கரடியைத் தாராளமாக நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்தபோது, ஆரம்பத்திலேயே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்கள் அதிகமாக நினைத்தார்கள். ஒன்றை நினைக்கக் கூடாது என்று காவல் இருக்கிற மனம், அது வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகவே அதைத் திரும்பத் திரும்பத் தேடுகிறது. "ஆண்டவரே, அவருடைய நினைவை எடுத்துப்போடும்" என்று நீங்கள் அரை மணி நேரம் ஜெபித்தால், அந்த அரை மணி நேரமும் அவர் பெயர்தான் உங்கள் உள்ளத்தில் இருந்திருக்கிறது. ஜெபத்தில் குறையில்லை, ஜெபத்தின் பொருளை மாற்ற வேண்டியிருக்கிறது. அவருடைய பெயரை விட்டுவிட்டு, கணவரின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் சொல்லி, அவர்கள் ஒவ்வொருவருக்கும் நாளைக்கு என்ன தேவை என்று விவரமாகக் கேளுங்கள்.

அப்படியானால் இருதயத்தைக் காப்பது எப்படி? "எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள், அதனிடத்தினின்று ஜீவஊற்று புறப்படும்" என்கிற நீதிமொழிகள் 4:23ஐ நாம் சுவரில் மாட்டும் அட்டைகளில் தனியாக அச்சடித்து வைத்திருக்கிறோம். அதற்கு அடுத்து வருகிற நான்கு வசனங்களையும் சேர்த்து அச்சடித்திருந்தால் பலர் தப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 24ஆம் வசனம் வாயைப் பற்றிப் பேசுகிறது. 25ஆம் வசனம் கண்ணைப் பற்றி. 26, 27ஆம் வசனங்கள் காலைப் பற்றி. இருதயத்தைக் காத்துக்கொள் என்று சொன்ன ஞானி, இருதயத்துக்குள் நுழைந்து உணர்ச்சியோடு மல்லுக்கட்டச் சொல்லவில்லை. அதற்குப் போகிற பாதைகளில் ஆள் நிறுத்தச் சொல்கிறார். உணர்ச்சிக்கு நாம் கட்டளையிட முடியாது. வாய்க்கும் கண்ணுக்கும் காலுக்கும் கட்டளையிட முடியும்.

வாரத்தில் ஒரு நாள் வேலைக்காகப் புதுச்சேரிக்குப் போய் மாலையில் பேருந்தில் திரும்புவேன். கன்னியக்கோவில், முள்ளோடை தாண்டி, பெண்ணையாற்றுப் பாலத்தைக் கடந்து ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் சில நாள் பேருந்தை நிறுத்துவார்கள். காவலர் ஏறி, இருக்கைக்கு அடியில் குனிந்து பார்ப்பார். மடியில் வைத்திருக்கிற பையைத் திறக்கச் சொல்வார். புதுச்சேரியில் மதுபானம் விலை குறைவு என்பதால் கடத்துகிறவர்கள் உண்டு. சென்ற மாதம் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், தம் மஞ்சள் பையில் இருந்த வாழைப்பழத்தையும் மருந்துச் சீட்டையும் பொறுமையாக எடுத்துக் காட்டினார், அவமானமாக நினைக்கவில்லை. அந்தக் காவலர் கடலூரில் வீடு வீடாக நுழைந்து தேடுவதில்லை, அது அவரால் ஆகாது. சரக்கு ஊருக்குள் பிரிந்துபோன பிறகு பிடிப்பது கடினம் என்பதால்தான் பாதை ஒன்றாகக் குறுகுகிற இடத்தில் நிற்கிறார். தமிழ் வேதத்தில் 'சோதனை' என்கிற ஒரே சொல் நம்மை வீழ்த்த வருவதையும் நம்மைப் பரீட்சிப்பதையும் குறிப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாவடிதான் கண்முன் வருகிறது. உங்களுக்கு எந்த இடத்தில் பாதை குறுகுகிறது என்று உங்கள் கடிதமே சொல்லிவிட்டது: இரவு பத்தரை மணி, படுக்கையறை, கையில் கைபேசி, பயிற்சி முடிகிற இரவு, சபை வாசல், அவருடைய வண்டி.

வாயிலிருந்து தொடங்குங்கள். இனிமேல் அவருக்கு ஒரே ஒரு செய்திதான் போக வேண்டும். அதையும் பகல் வெளிச்சத்தில் அனுப்புங்கள். "பிரதர், இனி நாம் தனியாகச் செய்தி அனுப்பிக்கொள்ள வேண்டாம். பாட்டு சம்பந்தமானதைக் குழுவிலேயே பேசிக்கொள்வோம். உங்கள் குடும்பத்துக்காக ஜெபிக்கிறேன்." இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். ஏன் என்று அவர் கேட்பார். மனம் நொந்ததாகச் சொல்வார். கடைசியாக ஒரு தடவை நேரில் பேசிவிடலாம் என்றும் சொல்லக்கூடும். அந்தக் கடைசிச் சந்திப்புக்கு நீங்கள் போகக் கூடாது. அவரைக் கெட்டவர் என்று நான் எண்ணவில்லை, அவருக்கும் ஒரு பசி இருந்திருக்கும். ஆனால் அவரைத் தேற்றுகிற பொறுப்பு உங்களுடையது அல்ல. வாயைப் பற்றி இன்னொன்றும் உண்டு: கணவரைப் பற்றிய குறைகளை அவரிடம் சொல்லியிருப்பீர்கள். கட்டின கணவரைப் பற்றிய வருத்தத்தை வேறொரு ஆணிடம் சொல்கிற ஒவ்வொரு முறையும், கணவர் மனதுக்குள் சிறியவராகிக்கொண்டே போகிறார், கேட்கிறவர் பெரியவராகிக்கொண்டே வருகிறார். இது தாம்பத்திய ஆலோசனையில் நான் மிக அதிகமாகப் பார்த்த வழுக்கல்.

கண்ணுக்கு: அவருடைய எண்ணைத் தடை செய்ய முடிந்தால் செய்துவிடுங்கள். குழு காரணமாக முடியாதென்றால் அவருடைய 'ஸ்டேட்டஸ்' தெரியாதபடி மறையுங்கள். எப்போது கடைசியாக வந்துபோனார் என்று பார்க்கிற பழக்கத்தை நிறுத்துங்கள். கைபேசியைப் பத்து மணிக்கு முன்னறையில் சார்ஜரில் போட்டுவிட்டுப் படுக்கப் போங்கள். பள்ளிக்கு எழுந்திருக்க அலாரம் வேண்டுமே என்று தோன்றும். ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

காலுக்கு வருகிறபோதுதான் விலை கூடுகிறது. அந்த வண்டியில் இனி ஏறக் கூடாது. மகனையோ மாமியாரையோ அழைக்க வரச் சொல்லுங்கள், அல்லது ஆட்டோவில் வாருங்கள். அது மட்டும் போதாது. குறைந்தது ஆறு மாதமாவது பாடகர் குழுவிலிருந்து ஒதுங்கியிருங்கள் என்று சொல்கிறேன். கர்த்தருக்குப் பாடுகிற ஊழியத்தை விடுவதா என்று உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். யோசேப்பைப் பற்றி ஆதியாகமம் சொல்வதைக் கவனியுங்கள்: போத்திபாரின் மனைவி நித்தம் நித்தம் பேசியும், அவன் அவளுடனே சயனிக்க மட்டுமல்ல, "அவளுடனே இருக்கவும்" சம்மதிக்கவில்லை. முடிவில் வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். அதனால் வேலையும் நற்பெயரும் போய்ச் சிறைக்கும் போனான். தப்பி ஓடுகிறவனுக்கு நஷ்டம் வராது என்று வேதம் சொல்லவே இல்லை. குழுத் தலைவரிடம் "குடும்பத்துக்காகச் சில மாதம் ஓய்வு வேண்டும்" என்றால் போதும். அதில் பொய்யும் இல்லை.

இவை எல்லாவற்றையும் தனியாகச் செய்ய முயன்றால் பத்து நாளில் களைத்துவிடுவீர்கள். நான் புராட்டஸ்டன்ட் சபையில் வளர்ந்தவள். ஆயினும் கத்தோலிக்கத் துறவி லொயோலா இஞ்ஞாசியார் எழுதி 1548இல் அச்சான 'ஆன்மப் பயிற்சிகள்' நூலில் உள்ள ஒரு விதியை என்னிடம் வருகிற பலருக்குச் சொல்லியிருக்கிறேன். சத்துரு, நல்ல கணவனுடைய மனைவியை வசப்படுத்தப் பார்க்கிற கள்ளக் காதலனைப் போல் நடந்துகொள்கிறான் என்கிறார் அவர்: தன் பேச்சு இரகசியமாக இருக்க வேண்டும் என்பதே அவனுடைய பெரிய விருப்பம், அவள் அதை வெளியே சொல்லிவிட்டால் தன் காரியம் நடக்காது என்று அவனுக்குத் தெரியும். ஆகவே இந்த வாரத்திலேயே ஒரு மனுஷியிடம் சொல்லுங்கள். வயதில் மூத்தவராக, ஜெபிக்கிறவராக, வாய் காக்கத் தெரிந்தவராக இருக்கட்டும். உங்கள் அத்தையோ, பழைய ஆசிரியையோ, வேறு சபையைச் சேர்ந்த ஒரு தாயோ ஆகலாம். பாடகர் குழுவில் உள்ளவர் வேண்டாம். பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை அவர் உங்களிடம் "இந்த வாரம் செய்தி அனுப்பினாயா?" என்று நேராகக் கேட்க அனுமதி கொடுங்கள். ஆல்பேட்டைப் பெரியவர் பையைத் திறந்ததுபோல நீங்களும் திறந்து காட்டுங்கள்.

கணவரிடம் சொல்ல வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை; கேட்கப் பயந்திருப்பீர்கள். சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன், ஆனால் இன்றிரவு கடல் தாண்டிக் குரல்செய்தியாக அனுப்பக் கூடாது. அங்கே அறையில் நான்கு பேரோடு தங்கி வேலை செய்கிற ஒரு மனிதர் அதைத் தாங்கிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். அவர் அடுத்த விடுமுறையில் வருகிறபோது நேரில், உறவு நின்றுபோய்ச் சில காலம் கழிந்த நிலையில், "நான் தனிமையில் இப்படி வழி தவறினேன், திரும்பிவிட்டேன்" என்று சொல்கிற பேச்சு வேறு. அவர் கோபத்தில் கை ஓங்குகிறவர் என்றால், அதற்கு முன் ஓர் ஆலோசகரையாவது போதகரையாவது கலந்துகொண்டு, அவர்கள் உடனிருக்கச் சொல்லுங்கள். தனிமையைப் பற்றியோ, இன்றைக்கே சொல்லலாம்.

நம் கடலோரத்தில் கிணறுகள் உப்பாவதை அறிவீர்கள். கடல் அங்கேயேதான் இருக்கிறது, அது புதிதாகக் கிட்டே வரவில்லை; நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீரின் மட்டம் இருக்கிறவரை அது உப்புத் தண்ணீரைத் தள்ளி நிறுத்துகிறது. அளவுக்கு மேல் இறைத்து, மழைநீரும் இறங்காமல் போனால், உப்பு உள்ளே ஏறிவிடுகிறது. பள்ளிக்கூடம், பிள்ளைகள், மாமியாரின் மருந்து மாத்திரை, சபை வேலை என்று ஆறு ஆண்டுகளாக உங்களிடமிருந்து எல்லோரும் இறைத்திருக்கிறார்கள். இறங்கினது எவ்வளவு? வெள்ளிக்கிழமை ஒரு தொலைபேசி அழைப்பு. இங்கே இரவு பத்தரை என்றால் குவைத்தில் எட்டு மணி. அநேகமாக உங்கள் கணவர் வேலை முடிந்து அறைக்குத் திரும்பியிருக்கிற நேரம். "வெள்ளிக்கிழமை வரை என்னால் காத்திருக்க முடியவில்லை; தினமும் பத்து நிமிடம் பேசுங்கள்; எனக்குத் தனியாக இருக்கிறது" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ஆண்கள் பலர் பணம் அனுப்புவதையே பேச்சாக எண்ணிக்கொள்கிறார்கள், கேட்டால் பேசக்கூடியவர்கள்தான். முதல் சில நாள் மின்சாரக் கட்டணமும் பிள்ளைகளின் மதிப்பெண்ணும்தான் பேச்சாக இருக்கும். எட்டு மாதம் இனிமையாகப் பேசிய குரலோடு அதை ஒப்பிட்டு ஏமாந்துபோகாதீர்கள். அந்த இனிமை, வாடகையும் காய்ச்சலும் கடனும் சேராத இனிமை.

திருவிருந்தைப் பற்றி உறுதியாகச் சொல்கிறேன். தகுதியுள்ளவளாகிப் பிறகு வரலாம் என்று விலகி நிற்பது பணிவுபோலத் தோன்றினாலும், மருந்து கிடைக்கிற இடத்திலிருந்து நோயாளி விலகி நிற்பதாகும். நம் லுத்தரன் சபையில் போதகரிடம் தனியே பாவ அறிக்கை செய்கிற வழக்கம் கிடையாது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். லுத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணமான, 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 11ஆம் பிரிவு, தனித்தனியே பாவமன்னிப்புக் கூறுகிற வழக்கம் சபைகளில் நிலைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. உங்கள் போதகரிடமோ, தயக்கமிருந்தால் பக்கத்துச் சபையின் போதகரிடமோ போய், பாவத்தை அறிக்கையிட வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். "உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது" என்று உங்களை நோக்கி ஒரு மனிதக் குரல் சொல்வதை உங்கள் காதால் கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். கேட்டபிறகு அந்த ஞாயிறே பந்திக்குப் போங்கள்.

அடுத்த சில வாரங்கள் லேசாக இருக்காது. பத்தரை மணிக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். யாரோ இறந்துபோனதுபோல அழுகை வரும். நட்பாக இருந்த ஒன்று முறிகிறது, துக்கம் இருக்கத்தான் செய்யும்; அதைப் பார்த்து, இவ்வளவு துக்கப்படுகிறேனே, அப்படியானால் இதுதான் மெய்யான அன்போ என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் எழுந்து முகம் கழுவுங்கள், மாமியார் விழித்திருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள், மறுநாளுக்கான விடைத்தாளைத் திருத்துங்கள். வேகம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் குறைந்துவிடுவதை நீங்களே காண்பீர்கள். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் மனம் தாங்காமல் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று அனுப்பிவிட்டால், எல்லாம் போயிற்று என்று கைவிட வேண்டாம். அழிக்காமல், மறுநாள் காலையில் அந்த மூத்த சகோதரியிடம் காட்டிவிடுங்கள். "சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்" என்று பவுல் எழுதினார். எனக்குத் தெரிந்தவரை அந்தப் போக்கு பல நேரங்களில் பக்கத்து அறையில் விழித்திருக்கிற ஒரு மனிதராகத்தான் இருந்திருக்கிறது.

கைபேசியை முன்னறையில் வைக்கிற முதல் இரவு எப்படிக் கழிந்தது என்று எனக்கு எழுதுங்கள். அன்றைக்கு உங்கள் பெயரைச் சொல்லாமல், கடலூர் முதுநகரில் இருக்கிற என் சகோதரி என்று சொல்லி ஜெபித்துக்கொண்டிருப்பேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் ஆலோசகர்